முகமூடி அதே, ஆள் வேறு: ‘லோன் ரேஞ்சர்’ தொடரின் 79-வது பகுதியில் நடந்தது என்ன?

கேள்வி இதுதான்: “1949-ல் தொடங்கிய ‘தி லோன் ரேஞ்சர்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிக் கௌபாய் தொடரை முதலிலிருந்து வரிசையாகப் பார்த்துவருகிறேன். 79-வது பகுதியில் நின்றுவிட்டேன். முகமூடி அதே, வெள்ளைக் குதிரை அதே, துணைவன் டோன்டோவும் அதே. ஆனால் முகமூடிக்குள் இருப்பவர் வேறு ஆளாகத் தெரிகிறார். கதையில் ஒரு வார்த்தை விளக்கமும் இல்லை. என் கண்தான் ஏமாற்றுகிறதா? மேற்கொண்டு பார்க்கலாமா?”

உங்கள் கண் ஏமாற்றவில்லை. 78-வது பகுதி வரை முகமூடிக்குள் இருந்தவர் கிளேட்டன் மூர். 79 முதல் 130 வரை இருப்பவர் ஜான் ஹார்ட். 131-ல் மூர் திரும்பி வருகிறார். கடைசி வரை அவர்தான். மொத்தம் 221 பகுதிகள். அவற்றில் மூருக்கு 169, ஹார்ட்டுக்கு 52. முதல் 182 பகுதிகள் கறுப்பு வெள்ளை, கடைசி 39 வண்ணம்.

சம்பளத் தகராறில் ஒரு நடிகர் போனார், இன்னொருவர் வந்தார் என்று இரண்டு வரியில் முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. தொடரை வைத்திருந்தவர்கள் எதை நம்பி இந்தக் காரியத்தைச் செய்தார்கள் என்பதுதான் சுவையான விஷயம். பார்ப்பவர்கள் முகமூடியைத்தான் பார்க்கிறார்கள், உள்ளே யார் இருந்தால் என்ன என்று நினைத்தார்கள். ஆனால் இந்த முகமூடி பிறந்ததே யாராலும் அதைப் பார்க்க முடியாத ஓர் இடத்தில்: வானொலியில்.

1933 ஜனவரி கடைசியில் டெட்ராய்ட் நகரின் டபிள்யூஎக்ஸ்ஒய்இசட் என்ற வானொலி நிலையத்தில் லோன் ரேஞ்சர் தொடங்கினார். நிலையத்தின் உரிமையாளர் ஜார்ஜ் ட்ரெண்டில். எழுதியவர் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரைச் சேர்ந்த ஃபிரான் ஸ்ட்ரைக்கர். யார் பெற்ற பிள்ளை இது என்று பின்னாளில் சண்டை வந்தது. எழுத்து ஸ்ட்ரைக்கருடையது என்பதில் சந்தேகமில்லை. உரிமை ட்ரெண்டிலுடையது என்பதிலும் சந்தேகமில்லை. 1934-ல் ஸ்ட்ரைக்கர் தன் உரிமையை 10 டாலருக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். பொருளாதார மந்தக் காலம். மாதச் சம்பளம் நிச்சயம் என்றால் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிற காலம். இருபது ஆண்டுகள் கழித்து ட்ரெண்டில் அதே உரிமையை 30 லட்சம் டாலருக்கு விற்றார். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிற பல விஷயங்கள் இவற்றால் புரியும்.

வானொலியில் முகமூடி எதற்கு? ஜோரோ போன்ற முகமூடிக் கதாநாயகர்கள் அப்போது பிரபலம் என்பது ஒரு காரணம். கேட்பவன் மனத்தில் ஒரு முகத்தை வரைய விடாமல் தடுக்கிற வசதி இன்னொன்று. முகம் இல்லாதவனை ஒவ்வொரு சிறுவனும் தன் விருப்பப்படி வரைந்துகொள்ளலாம். ஆனால் தனியாகச் சுற்றுகிறவன் வானொலியில் யாரிடம் பேசுவான்? மனத்துக்குள் நினைப்பதை மைக்கில் காட்ட முடியாது. அதனால் சில வாரங்களிலேயே ஒரு துணையைக் கொண்டுவந்தார்கள். டோன்டோ பிறந்தது நட்பின் மகத்துவத்தைச் சொல்வதற்காக அல்ல; கதாநாயகன் வாய் திறக்க ஓர் ஆள் தேவைப்பட்டதால். அந்த வேடத்துக்குக் குரல் கொடுத்தவர் ஜான் டாட் என்ற வயதான மேடை நடிகர், வெள்ளையர்.

முகமூடி யார் கண்ணுக்கும் தெரியாத ஊடகத்தில் ஆளின் அடையாளம் குரல்தான். அந்தக் குரலுக்கு உரியவர் ஏர்ல் கிரேசர். 1941 ஏப்ரலில் ஒரு கார் விபத்தில் அவர் இறந்துபோனார். வாரத்துக்கு மூன்று முறை ஒலிபரப்பாகிற தொடர், நிறுத்த முடியாது. அதுவரை நிகழ்ச்சியின் அறிவிப்பாளராக இருந்த ப்ரேஸ் பீமரை அந்த இடத்தில் வைத்தார்கள். ஆனால் உடனே பேச வைக்கவில்லை. ரேஞ்சர் பலத்த காயம்பட்டுக் கிடக்கிறார், முனகத்தான் முடிகிறது என்று கதையை வளைத்தார்கள். சில பகுதிகள் வரை டோன்டோவே கதையை இழுத்துக்கொண்டு போனார். மெல்ல மெல்லக் காயம் ஆறியது; புதிய குரல் வந்தது. கேட்டவர்களின் காதுக்கு அவர்கள் காட்டிய மரியாதை அது.

இதோடு 79-வது பகுதியை ஒப்பிட்டுப் பாருங்கள். காயம் இல்லை, கிசுகிசுப்பு இல்லை. ஒரு வியாழக்கிழமை திரையில் வேறொருவர் குதிரையில் வந்து இறங்கினார், அவ்வளவுதான்.

மூர் எப்படி வந்தார் என்று சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சிக்குப் போகலாம் என்று ட்ரெண்டில் முடிவெடுத்தபோது பீமருக்கே ஆசை இருந்தது. ஆனால் அவருக்குத் திரை அனுபவம் கிடையாது. 1949-ல் வந்த ஒரு ஜோரோ தொடர்படத்தில் மூரைப் பார்த்த ட்ரெண்டில் அவரைத் தேர்ந்தெடுத்தார். அதாவது, ஏற்கெனவே முகமூடி போட்டுப் பழகியவர். மூர் சிகாகோவில் 1914-ல் பிறந்தவர். பதின்ம வயதில் சர்க்கஸில் ஊஞ்சல் வித்தை செய்தவர். பிறகு ஹாலிவுட்டில் சண்டைக் காட்சிகளுக்கு மாற்று ஆளாகவும் தொடர்படங்களில் நாயகனாகவும் இருந்தவர். குதிரை ஏறுகிற விதத்தைப் பாருங்கள். அந்த உடம்பில் சர்க்கஸ் இருக்கிறது. வேலை கிடைத்ததும் அவர் செய்த முதல் காரியம், வானொலியில் பழகிப்போயிருந்த பீமரின் குரல் போலத் தன் குரலைத் தாழ்த்தி ஆழப்படுத்திக்கொண்டது. அந்தக் கனத்த, அவசரமில்லாத பேச்சு அவர் உழைத்துச் செய்துகொண்டது.

1949 செப்டம்பர் 15 அன்று ஏபிசி நிறுவனம் முதல் பகுதியை ஒளிபரப்பியது. அந்த ஆண்டு அமெரிக்க வீடுகளில் பத்தில் ஒன்றில்கூடத் தொலைக்காட்சிப் பெட்டி இல்லை. அதற்குச் சில மாதங்கள் முன்பே ‘ஹாப்பலாங் காசிடி’ என்ற இன்னொரு கௌபாய் தொடர் வந்துவிட்டது. ஆனால் அது தியேட்டருக்காக எடுத்த பழைய படங்களை வெட்டிச் சுருக்கியது. தொலைக்காட்சிக்கென்றே அரைமணி நேரக் கதைகளாக எடுத்ததில் லோன் ரேஞ்சர் முன்னோடி. ஏபிசி அப்போது மற்ற இரண்டு பெரிய நிறுவனங்களுக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்த நிறுவனம். அதற்குக் கிடைத்த முதல் பெரிய வெற்றி இந்தத் தொடர்தான்.

முதல் மூன்று பகுதிகளும் சேர்ந்து ஒரே கதை. நீங்கள் பார்த்துவிட்டீர்கள்; ஆனாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டெக்சஸ் மாநிலத்தின் குதிரைக் காவல் படையான ரேஞ்சர்கள் ஆறு பேர், புட்ச் கேவண்டிஷ் என்ற கொள்ளைக்காரனைத் தேடிப் போகிறார்கள். வழிகாட்டியாக வந்தவன் காட்டிக்கொடுக்க, ஒரு மலை இடுக்கில் ஆறு பேரும் சுடப்படுகிறார்கள். ஒருவன் மட்டும் சாகவில்லை. அவனைக் கண்டெடுத்துக் காப்பாற்றுகிறான் டோன்டோ. செத்தவர்கள் ஐந்து பேர். டோன்டோ வெட்டுவதோ ஆறு குழிகள். எதிரி வந்து எண்ணிப் பார்த்தால் ஒருவரும் தப்பவில்லை என்று நம்ப வேண்டும். செத்துப்போன தன் அண்ணன் கேப்டன் டான் ரீட்டின் அங்கித் துணியை வெட்டித்தான் தம்பி முகமூடி செய்துகொள்கிறான். ‘லோன்’ என்றால் தனிமை விரும்பி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ஆறு பேரில் மிச்சமானவன் என்பதுதான் பொருள். அந்த ஆறாவது குழி வெறுமையாகக் கிடப்பதை யோசித்தால், குழந்தைகள் தொடர் என்று ஒதுக்குகிறவர்கள் கொஞ்சம் நின்று பார்ப்பார்கள்.

(கேவண்டிஷாக வருகிற க்ளென் ஸ்ட்ரேஞ்ச், 1940-களில் ஃப்ராங்கன்ஸ்டைன் பூதமாக நடித்தவர். பிறகு ‘கன்ஸ்மோக்’ தொடரில் சாராயக் கடையில் கோப்பை துடைத்துக்கொண்டு நின்றார். வாழ்க்கை அப்படி.)

காட்சி ரீதியாக இந்தத் தொடர் ஏழை. தொடக்கத்தில் வெள்ளைக் குதிரை முன்னங்கால்களைத் தூக்கி நிற்கிற பாறை நிஜம். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வடமேற்கே சாட்ஸ்வர்த்தில் உள்ள ஐவர்சன் பண்ணையில் இருக்கிறது. ஆனால் இரவில் தீ மூட்டி உட்கார்ந்து பேசுகிற காட்சிகளைக் கவனியுங்கள். பின்னால் தெரிகிற மலை, துணியில் வரைந்தது. பாறை, பூச்சு வேலை. காற்றே வீசாத பாலைவனம். கறுப்பு வெள்ளை இந்த ஏழ்மையைப் பெரிதும் மறைத்துவிடுகிறது. வரைந்த வானத்துக்கும் நிஜ வானத்துக்கும் இடையில் உள்ள வித்தியாசம் சாம்பல் நிறத்தில் கரைந்துபோகிறது. வண்ணத்துக்கு வந்த கடைசி சீசனில் நிஜமான மலை, நிஜமான வெயில், ரேஞ்சருக்கு வானீல உடை எல்லாம் உண்டு. எனக்கென்னவோ அவர் அதில் சற்றுச் சிறுத்துப்போனதாகவே படுகிறது.

இன்னொன்று, கதைசொல்லியின் குரல். ரேஞ்சர் குதிரையில் போவதை நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ரேஞ்சர் குதிரையில் போகிறார் என்று ஒரு குரல் சொல்லும். இன்றைக்குச் சிரிப்பு வரலாம். வானொலியிலிருந்து வந்த பழக்கம் அது. ரொசினியின் ‘வில்லியம் டெல்’ முன்னிசை கூட அங்கிருந்து வந்ததுதான். 1829-ல் எழுதப்பட்ட இசை. யாருக்கும் உரிமத் தொகை கட்ட வேண்டாம். டெட்ராய்ட் முதலாளியின் சிக்கனத்தால் ஒரு இத்தாலிய மேதையின் ஆப்பெரா இசை, மூன்று தலைமுறை அமெரிக்கர்களுக்குக் குதிரைக் குளம்பொலியாகிவிட்டது.

பாத்திரத்துக்கு ஸ்ட்ரைக்கர் எழுதிவைத்திருந்த விதிகள் தனி. ரேஞ்சர் முகமூடியோ மாறுவேடமோ இல்லாமல் தோன்றக் கூடாது. கொல்வதற்காகச் சுடக் கூடாது; கையிலிருக்கும் துப்பாக்கியைத் தட்டிவிடச் சுட வேண்டும். குடிக்கக் கூடாது, புகைக்கக் கூடாது. இலக்கணப் பிழை இல்லாமல் பேச வேண்டும். ரேஞ்சர் சுடுகிற வெள்ளித் தோட்டாவுக்கும் ஒரு நியாயம் உண்டு: ஒவ்வொரு முறை சுடும்போதும் உயிருக்கு விலை உண்டு என்று அது அவனுக்கே நினைவூட்ட வேண்டும். நம்மில் பலருக்குக் கௌபாய் என்றாலே சிவகாசியில் அச்சான லயன், முத்து காமிக்ஸ்தான். அந்தப் பக்கங்களில் தோட்டாக்கள் சிக்கனமில்லாமல் பறக்கும். அந்த ருசியோடு இந்தத் தொடருக்கு வந்தால் முதல் சில பகுதிகள் சப்பென்றிருக்கும். இது விளம்பரதாரர் தானிய உணவு விற்ற தொடர் என்பதை மறக்கக் கூடாது. ஜெனரல் மில்ஸ் நிறுவனம் பணம் போட்டது. சீரியோஸ் பெட்டியைக் கையில் பிடித்த குழந்தைதான் பார்வையாளர். வானொலிக் காலத்திலேயே குழந்தைகளுக்கு அவர்கள் கொடுத்தவற்றில் ஒன்று 1947-ன் ‘லோன் ரேஞ்சர் அணுகுண்டு மோதிரம்’. கிக்ஸ் உணவுப் பெட்டியின் மூடியோடு 15 சென்ட் அனுப்பினால் வீட்டுக்கே வரும். உள்ளே துளி அளவு நிஜமான பொலோனியம். இருட்டில் உற்றுப் பார்த்தால் பொறி பறக்கும். ரேஞ்சர் சிகரெட் பிடிக்காதது ஒழுக்கம். பிள்ளைகள் விரலில் கதிரியக்கம் மாட்டிக்கொண்டது பரிசு!

சரி, மாற்றத்துக்கு வருவோம். முதல் 78 பகுதிகளை 78 வாரம் இடைவிடாமல் ஒளிபரப்பினார்கள். 1951 வசந்தத்தில் அது முடிந்தது. புதிதாக எதுவும் எடுக்காமல் அந்த 78-ஐயும் மறுபடி போட்டார்கள். இந்த இடைவெளியில்தான் மூர் நீக்கப்பட்டார். அதிகச் சம்பளம் கேட்டதுதான் காரணம் என்று பரவலாகச் சொல்லப்பட்டது. மூரோ, காரணத்தை யாரும் தன்னிடம் சொல்லவே இல்லை என்று தன் சுயசரிதையில் எழுதினார். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். 10 டாலருக்கு எழுத்தாளரை வாங்கிய முதலாளிக்கு, முகமூடி போட்ட நடிகர் தனக்கென்று ஒரு விலை இருப்பதாக நினைப்பது விசித்திரமாகத்தான் பட்டிருக்கும்.

1952 செப்டம்பரில் ஹார்ட் வந்தார். பாவம், அவரைத் திட்ட எனக்கு மனமில்லை. உயரமானவர், குதிரை நன்றாக ஓட்டுவார், முதல் சீசனிலேயே சின்ன வேடங்களில் வந்துபோனவர். உடையும் அதே, வசனமும் அதே தரம். ஆனால் தயாரிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு குழி வெட்டியிருந்தார்கள். ஒன்றரை ஆண்டாகப் புதிய பகுதி இல்லாததால் மக்கள் பழைய ஆளை மறந்திருப்பார்கள் என்று நினைத்திருக்கலாம். ஆனால் அந்த ஒன்றரை ஆண்டும் அவர்களே வாரம் தவறாமல் மூரைத்தானே காட்டிக்கொண்டிருந்தார்கள்! ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த நடையும், தலையைச் சாய்க்கிற விதமும், அடிவயிற்றிலிருந்து வருகிற அந்தக் குரலும் இரண்டாம் முறையாகப் பாடமாகியிருந்தன. முகமூடி மறைப்பது கண்ணைச் சுற்றி இரண்டு விரல் அகலத்தை மட்டும். வாய், தாடை, தோள், நடை எல்லாம் வெளியே இருக்கின்றன. ஹார்ட்டின் ரேஞ்சர் விறைப்பாக நிற்பார். மூரின் ரேஞ்சர் நிற்கும்போதே கிளம்பிக்கொண்டிருப்பார்.

52 பகுதிகளுக்குப் பிறகு மூரைத் திருப்பி அழைத்தார்கள். 1954 கோடையில் ஜாக் ராதர் என்ற எண்ணெய்ப் பணக்காரர் ட்ரெண்டிலிடமிருந்து மொத்த உரிமையையும் வாங்கினார். அந்த 30 லட்சம் டாலர் இதுதான். அதே செப்டம்பரில் வானொலித் தொடரும் நின்றது, கிட்டத்தட்ட 3,000 பகுதிகளுக்குப் பிறகு. 1956-57-ல் வண்ண சீசன், 1956-லும் 1958-லும் இரண்டு திரைப்படங்கள், அத்தோடு அந்தக் காலம் முடிந்தது. தொடர் நின்ற பிறகுதான் அமெரிக்காவில் வெஸ்டர்ன் என்கிற கௌபாய் கதைகளின் வெள்ளம் கரைபுரண்டது என்பது வேடிக்கை. 1958-59-ல் அதிகம் பார்க்கப்பட்ட பத்து நிகழ்ச்சிகளில் ஏழு வெஸ்டர்ன். அவை பெரியவர்களுக்கானவை, அவற்றில் கதாநாயகன் சந்தேகப்படுவான், தவறு செய்வான், கொல்வான். நம் ஆளுக்கு அதில் இடமில்லை.

இதுவரை முகமூடி போட்டவரைப் பற்றியே பேசினேன். உங்கள் கேள்வியில் “டோன்டோவும் அதே” என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்கு நிற்கத் தோன்றுகிறது.

டோன்டோவாக நடித்தவர் ஜே சில்வர்ஹீல்ஸ். கனடாவின் ஒன்டாரியோவில், கிராண்ட் ஆற்றங்கரையில் உள்ள ஆறு இனங்களின் குடியிருப்பில் 1912-ல் பிறந்த மோஹாக் இனத்தவர். வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறிகிற லக்ராஸ் விளையாட்டில் பெயர் பெற்றவர், குத்துச்சண்டையும் தெரியும். லக்ராஸ் அணியோடு கலிபோர்னியா வந்தபோது ஒரு நகைச்சுவை நடிகர் கண்ணில் பட்டுப் படவுலகுக்குள் நுழைந்தார். பல ஆண்டுகள் கூட்டத்தில் ஒருவராகக் குதிரையிலிருந்து விழுந்தார். டோன்டோவாகிவிட்ட பிறகு, 1950-ல் வந்த ஒரு பெரிய படத்தில் அப்பாச்சித் தலைவர் ஜெரோனிமோவாக நடித்தார். அந்த ஒரு சிறு வேடத்தில் அவர் காட்டுகிற கோபத்தைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து டோன்டோவைப் பாருங்கள்.

ரேஞ்சருக்கு இலக்கண சுத்தமான ஆங்கிலம் விதி என்றேன் இல்லையா? டோன்டோவுக்கு நேர்மாறான விதி. வினைச்சொல் உடைந்து, வேற்றுமை உருபு உதிர்ந்து பேச வேண்டும். தமிழில் சொன்னால், “நான் ஊர் போக. நீ இங்கே இரு” என்கிற மாதிரி. நம் பழைய படங்களில் வட்டிக்கடை சேட்டை “நம்பள்கி, நிம்பள்கி” என்று பேசவைத்த அதே வேலைதான். நிஜத்தில் சில்வர்ஹீல்ஸ் தெளிவான, நயமான ஆங்கிலம் பேசியவர். ஆக, இந்தத் தொடரில் முகமூடி இரண்டு பேருக்கும் உண்டு. ஒருவருக்குக் கண்ணில், இன்னொருவருக்கு நாக்கில்.

பெயரே ஒரு பிரச்சினை. ஸ்பானிய மொழியில் டோன்டோ என்றால் முட்டாள். டெட்ராய்ட்காரர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் ஸ்பானியத்தில் மொழிமாற்றம் செய்தவர்களுக்குத் தெரியும், அவர்கள் அதை டோரோ என்று மாற்றிவிட்டார்கள். காளை என்று பொருள். எவ்வளவோ மேல். டோன்டோ ரேஞ்சரை அழைக்கிற ‘கீமோ சாபி’, வானொலி இயக்குநர் ஜேம்ஸ் ஜூவலின் மாமனார் மிச்சிகனில் நடத்திய சிறுவர் முகாமின் பெயர். டோன்டோ பொட்டாவட்டோமி இனத்தவன் என்பதும் மிச்சிகன் பக்கத்து நினைப்புதான். டெக்சஸ் கதைக்கு வேண்டிய செவ்விந்தியனை வடக்கே ஏரிக்கரையில் பிடித்திருக்கிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் சில்வர்ஹீல்ஸைப் பார்க்கச் சலிக்கவில்லை. பல பகுதிகளில் கதையை நகர்த்துகிறவர் அவர். தடம் பார்ப்பவர், உயிரைக் காப்பவர், ஊருக்குள் போய்த் தகவல் அறிந்து வருபவர். ஊருக்குள் போனால் பெரும்பாலும் அடி வாங்குவார். அடுத்த வாரம் மறுபடி அனுப்புவார்கள். வசனம் குறைவு என்பதால் அவர் முகத்தால் நடித்தார். ரேஞ்சர் நீதிபோதனை செய்கிற நேரங்களில் கேமரா தற்செயலாக அவர் மேல் இருந்தால், அந்த முகத்தில் ஒரு சிறிய பொறுமை தெரியும். அது டோன்டோவின் பொறுமையா, நடிகரின் பொறுமையா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

உங்கள் கேள்விக்கே இங்கே ஒரு பதில் ஒளிந்திருக்கிறது. மூர் இல்லாதபோது முகமூடியை இன்னொருவருக்கு மாட்டிவிட்டார்கள். நான்காவது சீசனில் சில்வர்ஹீல்ஸுக்கு மாரடைப்பு வந்தது. சில பகுதிகளில் நடிக்க முடியவில்லை. அப்போது தலைப்பட்டையை இன்னொருவருக்குக் கட்டி டோன்டோ என்று யாரும் சொல்லவில்லை. ரேஞ்சரின் அண்ணன் மகனை (தகப்பனைப் போல அவன் பெயரும் டான் ரீட்தான்) துணைக்கு அனுப்பிச் சமாளித்தார்கள். (இந்த டான் ரீட்டின் மகன்தான் ‘கிரீன் ஹார்னெட்’ நாயகன், அந்தத் தொடர் தொலைக்காட்சிக்கு வந்தபோது அந்த நாயகனின் துணைவன் காட்டோவாக நடித்தவர் புரூஸ் லீ. அதுவும் டெட்ராய்ட் வானொலிச் சரக்குதான்.) திறந்த முகத்துக்கு மாற்று கிடையாது. சம்பளத்திலும் பெயர்ப் பட்டியலிலும் இரண்டாம் இடத்தில் இருந்தவர், மூரை விட அதிகப் பகுதிகளில் இருக்கிறார். ஐந்து சீசன்களிலும் இருக்கும் முகம் அவருடையது.

பிற்காலத்தில் அவர் டோன்டோவைத் தானே கிண்டல் செய்தார். ஜானி கார்சனின் தொலைக்காட்சி அரட்டை நிகழ்ச்சியில், இத்தனை வருடம் உழைத்தும் நன்றி கிடைக்காமல் வேறு வேலைக்கு விண்ணப்பிக்கிற டோன்டோவாக வந்து சிரிக்கவைத்தார். 1960-களில் லாஸ் ஏஞ்சலஸில் பூர்வகுடி நடிகர்களுக்காக ஒரு பயிற்சிக்கூடம் தொடங்க முன்னின்றார். ஹாலிவுட் நட்சத்திர நடைபாதையில் 1979-ல் அவர் பெயரைப் பதித்தார்கள். அடுத்த மார்ச்சில் இறந்தார்.

அதே 1979-ல் மூருக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. தொடர் முடிந்த பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் முகமூடியோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். கடைத் திறப்பு, கண்காட்சி, குழந்தைகள் மருத்துவமனை என்று எங்கு கூப்பிட்டாலும் போனார். அந்த வேடத்தின் ஒழுக்க விதிகளை நிஜ வாழ்க்கையிலும் கடைப்பிடித்தார். ராதர் நிறுவனம் புதிய படம் எடுக்கத் திட்டமிட்டது. அறுபத்தைந்தை எட்டிக்கொண்டிருந்த ஒருவர் ரேஞ்சராகச் சுற்றுவது அதற்கு இடைஞ்சல் என்று நீதிமன்றம் போனது. பொது இடங்களில் அவர் முகமூடி அணியக் கூடாது என்று தடை வாங்கியது. மூர் என்ன செய்தார் தெரியுமா? முகத்தைச் சுற்றி வளைகிற பெரிய கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு அதே வெள்ளைத் தொப்பியோடு வந்து நின்றார். பார்த்தவர்களுக்கு யார் என்று தெரியாமலா போயிற்று? ஆயிரக்கணக்கில் கையெழுத்து மனுக்கள் குவிந்தன.

புதிய படம் 1981-ல் வந்தது. நாயகன் கிளின்டன் ஸ்பில்ஸ்பரி, புதுமுகம். அவர் குரல் சரியில்லை என்று ஜேம்ஸ் கீச் என்ற நடிகரை வைத்து முழுப் படத்துக்கும் பின்னணிக் குரல் கொடுத்தார்கள். ஒருவர் உடம்பு, இன்னொருவர் குரல், நடுவில் ஒரு முகமூடி. படம் படுதோல்வி. அதில் ஒரு சின்ன வேடத்தில் ஜான் ஹார்ட் வருகிறார். மூர் இல்லை. 1984-ல் தடையை விலக்கிக்கொண்டார்கள். மூர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகமூடியை எடுத்தார். 1987-ல் அதே நடைபாதையில் பதித்த நட்சத்திரத்தில் அவர் பெயரோடு பாத்திரத்தின் பெயரும் இருக்கிறது. 1999 டிசம்பர் கடைசியில், 85 வயதில் காலமானார்.

மேற்கொண்டு பார்க்கலாமா என்று கேட்டீர்கள். 221-ஐயும் முழுக்கப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தொடர்ந்து பார்த்தால் மூன்றாவது வாரத்தில் எல்லாச் சுரங்கத் தகராறும் ஒன்றுபோலத் தோன்றும். முதல் மூன்றும் கட்டாயம். ஹார்ட்டின் 52-ல் ஐந்தாறு போதும், அதுவும் சில்வர்ஹீல்ஸுக்காக; துணை மாறியிருக்கிறான் என்பதை அவர் எவ்வளவு நாகரிகமாகக் கண்டுகொள்ளாமல் இருக்கிறார் என்று பார்க்கலாம். பிறகு நேராக 131-க்குப் போய்விடுங்கள். ஒரு சின்னக் காரியம் செய்யுங்கள்: 79-ல் ரேஞ்சர் முதல் வசனம் பேசும்போது கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். 131-லும் அதேபோல் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வானொலிக்காரர்கள் 1941-ல் எதற்காக அவ்வளவு பயந்தார்கள் என்று தெரிந்துவிடும்.